பழைய பஸ்ஸை வாங்கி மோட்டார்ஹோம் கட்ட எந்த வகை வண்டி எடுக்கலாம்?

வழிப்போக்கன்

வணக்கம். இதுவரை இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போதுதான் முதல் பதிவு. ஓய்வு பெறப் போகிறேன். நானும் மனைவியும் வருடத்தில் பாதியையாவது சாலையில் கழிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். மகன் அவ்வப்போது வந்து சேர்ந்துகொள்வான். கட்டி முடித்து விற்கும் மோட்டார்ஹோம்கள் இருவருக்கும் பிடிக்கவில்லை. பழைய பஸ் ஒன்றை வாங்கி, எங்கள் இஷ்டத்துக்கு உள்ளே கட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறோம்.

மூன்று வண்டிகள் கண்ணில் பட்டிருக்கின்றன. முதலாவது 12 மீட்டர் நெடுந்தூரக் கோச்: பின்பக்க இன்ஜின், ஏர் சஸ்பென்ஷன், கீழே பெரிய டிக்கி. இரண்டாவது 10 மீட்டர் பள்ளிப் பேருந்து: முன்பக்க இன்ஜின், பட்டை ஸ்பிரிங். மூன்றாவது நகரத்தில் ஓடிய லோ ஃப்ளோர் பேருந்து, அதுவும் 12 மீட்டர். மூன்றில் எந்த வண்டியின் இன்ஜின் நீடித்து உழைக்கும் என்று தெரிந்தால் அதையே எடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

கிரீஸ்கை

சார், எல்லோரும் இன்ஜினில்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் இன்ஜின் வேலை பார்த்தே சோறு தின்பவன், ஆனாலும் சொல்கிறேன், அதைக் கடைசியில் பாருங்கள். இன்ஜினைக் கழற்றிப் பிரித்து லைனர், பிஸ்டன் மாற்றிப் புதிதாக்கிவிடலாம். ஆகாவிட்டால் வேறு இன்ஜினே ஏற்றலாம். வண்டியின் எலும்புக்கூடு துருப்பிடித்துப் போயிருந்தால் அதற்கு மருந்து கிடையாது. உள்ளே கட்டில், சமையல் மேடை, குளியலறை எல்லாம் கட்டி முடித்த பிறகு அடியில் அழுகல் தெரிய வந்தால், கட்டியதை எல்லாம் பிடுங்காமல் அங்கே கைகூட வைக்க முடியாது.

முதலில் அடிச்சட்டம், துரு. அடுத்து உயரம், நீளம், தரை அமைப்பு. அப்புறம் கியர்பாக்ஸும் பின் ஆக்ஸில் ரேஷியோவும் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்றுகிறது என்ற கணக்கு). அதற்கும் அப்புறம்தான் இன்ஜின்.

நிலா_பயணம்

கிரீஸ்கை சொல்வதை முழுதாக ஒத்துக்கொள்கிறேன், ஆனால் எனக்கு உயரம்தான் முதலிடம். துருவைக்கூட ஒரு அளவுக்கு வெட்டி ஒட்டலாம். தலை இடிக்கிற வீட்டில் எத்தனை நாள் இருப்பீர்கள்? மகன் என்ன உயரம்?

பள்ளிப் பேருந்துகளில் நடுவழி உயரம் மாடலைப் பொறுத்து 1.83 மீட்டரிலிருந்து 1.98 வரை வருகிறது. அது வெறும் கூட்டின் உயரம். தரையில் இன்சுலேஷன், அதன்மேல் பிளைவுட், அதற்கு மேல் தரை விரிப்பு. கூரையிலும் இன்சுலேஷன், பலகை. எவ்வளவு சிக்கனமாகச் செய்தாலும் 7, 8 சென்டிமீட்டர் போய்விடும். 1.83 கூரையுள்ள வண்டியில் கடைசியில் உங்களுக்கு 1.75தான் மிஞ்சும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. நடுவில் நின்று அளந்துவிட்டுத் திருப்தியாக வந்துவிடுகிறார்கள். பஸ்ஸின் கூரை வளைவானது. சமையல் மேடை சுவரை ஒட்டி இருக்கும். மேடைக்கு முன்னால் நிற்கும்போது உங்கள் தலை சுவரிலிருந்து ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கும். அங்கே கூரை எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். குளிக்கும் இடத்துக்கும் இதே கணக்கு. அங்கே கையைத் தூக்கித் தலைக்குச் சோப்புப் போட வேண்டும்.

கதவோரம்

நான் லோ ஃப்ளோர் கட்சி. படியே கிடையாது, வயதானவர்கள் சுலபமாக ஏறலாம். உள்ளே நல்ல உயரம். ஏர் சஸ்பென்ஷன். கதவு இரண்டு, ஒன்றை அடைத்துவிட்டால் அங்கேயே குளியலறை. பெரிய ஜன்னல்கள். இதைப் பற்றி ஏன் யாருமே நல்லதாகச் சொல்வதில்லை?

கிரீஸ்கை

தம்பி, சொல்கிறேன். உயரம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் தரை தாழ்வாக இருப்பதால் சக்கரக் கூடுகள் எல்லாம் உள்ளே பெட்டி பெட்டியாக எழுந்து நிற்கும். முன்சக்கரத்துக்கு நடுவே குறுகலான நடைபாதைதான் மிஞ்சும். பின்னால் இரட்டைச் சக்கரக் கூடு இன்னும் அகலம். பல மாடல்களில் பின் ஆக்ஸிலுக்குப் பிறகு படியேறித்தான் போக வேண்டும், அங்கே உயரமும் குறைந்துவிடும். டிக்கி கிடையாது. தண்ணீர் டேங்க், கழிவு டேங்க், பேட்டரி, காஸ் எல்லாவற்றுக்கும் வீட்டுக்குள்ளேயே இடம் கொடுக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் அந்த வண்டி வாழ்ந்த வாழ்க்கை. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று கிளம்பியது. மீட்டரில் கிலோமீட்டர் குறைவாகத் தெரியும், ஆனால் இன்ஜின் ஓடிய மணிநேரம் ஏகப்பட்டது. ஹவர் மீட்டர் இருந்தால் அதைப் பாருங்கள். பின் ஆக்ஸிலும் நகர ஓட்டத்துக்கென்று வைத்தது. நெடுஞ்சாலையில் இன்ஜின் அலறும், வேகம் வராது.

சிஎன்ஜி வண்டியாக இருந்தால் சிலிண்டருக்குக் காலாவதித் தேதி உண்டு, அதன்மேல் ஒட்டிய லேபிளிலேயே இருக்கும். தேதி முடிந்துவிட்டால் சோதித்து நீட்டிக்க முடியாது, கழற்றிப் போட வேண்டியதுதான். முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவோரம்

சரி அண்ணே. ஆனால் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிறுத்தி வாழ்பவனுக்கு வேகம் எதற்கு? எனக்கு அதுதான் திட்டம்.

கிரீஸ்கை

உனக்குச் சரிதான். வழிப்போக்கன் சார் ஊர் சுற்றப் போகிறேன் என்கிறாரே.

சேஸிஸ்மணி

பாடி கட்டுகிறவன் என்ற முறையில் என் பங்கு.

பஸ்ஸில் அடிப்படையாக இரண்டு ஜாதி. ஒன்று ஏணிச் சேஸிஸ்: இரண்டு நீளமான சி-சேனல், நடுவே குறுக்குச் சட்டங்கள், அதன்மேல் தனியாகப் பாடி. பள்ளிப் பேருந்து பெரும்பாலும் இந்த வகை. இரண்டாவது இன்டெக்ரல்: தனிச் சேஸிஸ் கிடையாது, சதுரக் குழாய்களை வெல்டு செய்து தரை, சுவர், கூரை எல்லாம் சேர்ந்து ஒரே கூடாகச் சுமையைத் தாங்கும். நெடுந்தூரக் கோச்சுகளிலும் லோ ஃப்ளோரிலும் இதுதான் அதிகம்.

இது ஏன் முக்கியம் என்றால், நீங்கள் வெட்டப் போகிறீர்கள். ஜன்னலை அடைப்பீர்கள், கதவை இடம் மாற்றுவீர்கள், ஏசிக்கு ஓட்டை போடுவீர்கள். ஏணிச் சேஸிஸில் பாடியில் கொஞ்சம் விளையாடினாலும் கீழே இரண்டு சட்டமும் சுமையைப் பார்த்துக்கொள்ளும். எந்த ஊர் வெல்டரும் கை வைக்கலாம். இன்டெக்ரலில் எந்தக் குழாய் எதைத் தாங்குகிறது என்று தெரியாமல் ஒன்றை வெட்டினால், கொஞ்ச நாளில் முன் கண்ணாடி தானாக விரிசல் விடும், கதவு மூடாது.

உயரம் போதாவிட்டால் கூரையைத் தூக்கிக் கட்டலாம் என்று பலர் சொல்வார்கள். ஏணிச் சேஸிஸ் பாடியில் ஒரு பக்கத் தரையிலிருந்து கூரை வழியாக மறுபக்கத் தரை வரை ஒரே வளையமாகக் கம்பி போகும். ஜன்னல்களுக்கு இடையே அந்த வளையங்களை வெட்டி, ஜாக்கி கொடுத்துத் தூக்கி, நடுவே துண்டு வைத்து வெல்டு செய்வது. செய்யலாம், ஆனால் முழுக் கூரையும் நேராக இறங்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்னால் முடித்தும் ஆக வேண்டும். தூக்கிய பிறகு வண்டியின் மொத்த உயரத்தை அளந்து ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். பாலத்தடியில் யோசித்துக்கொண்டு நிற்க முடியாது.

இன்டெக்ரல் கோச்சில் கூரை தூக்குவதை நான் எடுத்துச் செய்வதில்லை.

வழிப்போக்கன்

எல்லோருக்கும் நன்றி. மகன் 1.80 மீட்டர். லோ ஃப்ளோரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். கோச்சில் நடுவழியை அளந்தேன், 1.96 இருக்கிறது. அது போதும்தானே?

நிலா_பயணம்

நடுவழி என்றால் சீட்டுகள் நிற்கும் தளமும் அதே மட்டமா, அல்லது நடைபாதை மட்டும் பள்ளமாக இருக்கிறதா? பல கோச்சுகளில் நடைபாதை தாழ்வாகவும் இருபக்கமும் சீட் மேடை உயர்ந்தும் இருக்கும். வீடு கட்டும்போது பெரும்பாலும் அந்தப் பள்ளத்தை நிரப்பித் தரையைச் சமன் செய்துவிடுவார்கள், அப்போது உங்கள் 1.96 காணாமல் போகும். சீட் மேடை மேல் நின்று அளந்து சொல்லுங்கள்.

பள்ளத்தை அப்படியே விட்டு, குழாய்களையும் வயர்களையும் அதற்குள் ஓட்டி, மேலே திறக்கிற மூடி போடுவதும் உண்டு. எப்படியானாலும் நீங்கள் நடக்கப்போவது அந்த மூடியின் மேல்தான்.

வழிப்போக்கன்

ஆமாம், பள்ளம்தான். சீட் மேடையிலிருந்து 1.84. இன்சுலேஷன் போட்டால் மகன் தலை இடிக்கும் போலிருக்கிறதே.

நிலா_பயணம்

அதற்கும் வழி உண்டு. சமையல், நடை இரண்டையும் பள்ளமுள்ள இடத்திலேயே வைத்துக்கொண்டு, கட்டில், சோபா, அலமாரி எல்லாவற்றையும் மேடையில் வைத்துவிடுங்கள். உட்காரும் இடத்தில் தலைக்கு மேல் எவ்வளவு இருந்தால் என்ன? கூரையிலும் பழைய உள்பலகையைக் கழற்றிவிட்டு, கம்பிகளுக்கு இடையிலுள்ள குழிவிலேயே இன்சுலேஷனை அடக்கினால் உயரம் அதிகம் குறையாது. கம்பிக்கும் உள்பலகைக்கும் நடுவில் மட்டும் மெல்லிய தடுப்பு ஒன்று கொடுங்கள். இல்லாவிட்டால் குளிர் நாட்களில் கம்பி போகிற வழியெல்லாம் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும்.

முதலில் ஒரு காலியான தரையில் வண்டியின் உள்ளளவைச் சாக்பீஸால் வரையுங்கள். வெளி அகலம் 2.5, 2.6 மீட்டர் என்றால் சுவர்கள் போக 2.3க்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். சக்கரக் கூடு, இன்ஜின் மேடு, கதவுப் படி எல்லாவற்றையும் அதே இடத்தில் வரைந்து, அதற்குள் இருவரும் ஒருவரை ஒருவர் தாண்டி நடந்து பாருங்கள். வண்டி 9 மீட்டரா 12 மீட்டரா என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். இருவருக்கு 12 மீட்டர் அதிகம் என்பது என் கருத்து. அந்தக் கூடுதல் நீளம் நிறுத்துமிடத்திலும் மலைப்பாதை வளைவிலும் தினமும் வாடகை கேட்கும்.

கிரீஸ்கை

கோச்சை இன்னும் விட்டுவிடவில்லை என்றால் அடியில் படுத்துப் பாருங்கள். மேலே தெரியும் துரு அல்ல விஷயம்.

ஏர் சஸ்பென்ஷன் கோச்சில் பட்டை ஸ்பிரிங் கிடையாது. ஏர் பெல்லோ, அதாவது காற்றுப் பை, சுமையை மட்டும்தான் தாங்கும், ஆக்ஸிலை முன்னும் பின்னும் பிடித்து நிறுத்துவது நாலைந்து டார்க் ராடுகள். அந்த ராடுகளின் ஒரு முனை ஆக்ஸிலில், மறுமுனை கூட்டில் வெல்டு செய்த பிராக்கெட்டில். பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் முழு வண்டியின் தள்ளலும் அந்தப் பிராக்கெட் வழியாகத்தான் போகிறது. சக்கரம் வாரியடிக்கும் சேறும் உப்பும் தங்கும் இடமும் அதுவே. டார்ச் அடித்து, பிராக்கெட் வேர் விடும் குழாயைச் சின்னச் சுத்தியால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். அழுகியது டொக்கென்று சத்தம் தரும், செதில் செதிலாக உதிரும். கூரான ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் மேற்கொண்டு பேசாமல் வந்துவிடுங்கள்.

விற்பதற்கு முன் அடியில் புதிதாகக் கறுப்பு அண்டர்கோட் அடித்திருந்தால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள். பழைய சேறு அப்பிய வண்டியையே நான் விரும்புவேன். அது எதையும் மறைப்பதில்லை.

சேஸிஸ்மணி

ஏணிச் சேஸிஸ் வண்டிக்கு: சேனலுக்குள் இன்னொரு தகடு சேர்த்து இரட்டையாக வைத்திருக்கும் இடங்களைப் பாருங்கள். இரண்டு தகட்டுக்கும் நடுவில் துரு ஊதி வெளிப்பக்கம் புடைத்திருக்கும். அப்புறம் படிக்கட்டுப் பெட்டி, சக்கரக் கூட்டின் மேல்பகுதி, பேட்டரி இருக்கும் இடம், பின் பம்பருக்கு மேல் கடைசிக் குறுக்குச் சட்டம். உள்ளே வந்து சீட் கால்களின் போல்ட்டைச் சுற்றி ரப்பர் விரிப்பைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். கீழே பிளைவுட் கறுத்திருந்தால் தண்ணீர் வெகுகாலமாக அங்கே நிற்கிறது என்று அர்த்தம். மேலே ஜன்னல் ரப்பர் ஒழுகியிருக்கும், கீழே தரைத் தகடு சல்லடை ஆகியிருக்கும்.

முடிந்தால் மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். ஒழுகலைக் கண்டுபிடிக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை.

வழிப்போக்கன்

வேகம், ஆக்ஸில் ரேஷியோ என்று சொன்னீர்களே கிரீஸ்கை அண்ணே, அதை ஓட்டிப் பார்க்காமல் கண்டுபிடிக்க முடியுமா?

கிரீஸ்கை

கணக்குதான். பெரிய பஸ் டயர், 11ஆர்22.5 அல்லது 295/80ஆர்22.5, ஒரு சுற்றுக்குச் சுமார் 3.2 மீட்டர் உருளும். டாப் கியர் நேரடி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது ஒன்றுக்கு ஒன்று. இன்ஜின் 1,800 ஆர்பிஎம். ரேஷியோ 4.1 என்றால் சக்கரம் நிமிடத்துக்கு 439 சுற்று, மணிக்கு 84 கிலோமீட்டர். அதே இடத்தில் ரேஷியோ 5.3 என்றால் 340 சுற்று, 65 கிலோமீட்டர்தான். ஒரே இன்ஜின், ஒரே சத்தம், ஆனால் 19 கிலோமீட்டர் வித்தியாசம்.

டாப் கியரில் 0.75 ஓவர்டிரைவ் (இன்ஜின் முக்கால் சுற்றுச் சுற்றினாலே வெளித்தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்) உள்ள கியர்பாக்ஸாக இருந்தால் 4.1 ரேஷியோவில் 80 கிலோமீட்டருக்கு 1,300 ஆர்பிஎம்கூட வராது. அமைதியாகப் போகும்.

ரேஷியோ ஆக்ஸில் கூட்டில் ஒட்டிய சிறு தகட்டில் இருக்கும். தகடு போயிருந்தால், டிஃபரன்ஷியல் கவரைத் திறக்கும் சந்தர்ப்பம் வரும்போது கிரவுன் வீல் பற்களைப் பினியன் பற்களால் வகுத்தால் கிடைத்துவிடும். ரேஷியோ குறைந்த வண்டி மலையேற்றத்தில் மூச்சு வாங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மலைதான் அதிகம் என்றால் 4.5 பக்கம் எனக்குப் பிடிக்கும்.

வழிப்போக்கன்

பள்ளிப் பேருந்து ஆட்டோமேட்டிக். அலிசன் ஏடி545 என்று எழுதியிருக்கிறது. நல்ல பெயர்தானே?

கிரீஸ்கை

கம்பெனி நல்ல கம்பெனிதான். ஏடி545 நாலு கியர், அதில் இன்ஜின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியருக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்கு லாக்-அப், அதாவது வழுக்காமல் நேராகப் பூட்டும் ஏற்பாடு, கிடையாது. எந்த வேகத்தில் போனாலும் கன்வெர்ட்டர் கொஞ்சம் வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்த வழுக்கல் முழுவதும் சூடாக மாறி எண்ணெயில் இறங்கும். சமதரையில் பள்ளிக்கூடம் போய்வர அது போதும். நிறைமாத வீட்டைச் சுமந்து மலை ஏற அது ஆகாது. அதே கம்பெனியின் எம்டி643இல் லாக்-அப் உண்டு. எம்டி3060 ஆறு கியர், எலக்ட்ரானிக், மேலே இரண்டு ஓவர்டிரைவ். மேனுவல் கியர்பாக்ஸ் கிடைத்தால் அதுவும் நல்லதே. எதை எடுத்தாலும் டிப்ஸ்டிக்கை உருவி எண்ணெயை முகர்ந்து பாருங்கள். கருகல் வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன.

டீசல்தாத்தா

இவ்வளவு நேரம் இன்ஜின் பேச்சே வராமல் ஓடியது இந்த இழையில்தான். நான் ஆரம்பிக்கிறேன்.

பழைய வண்டி என்றால் எனக்கு மெக்கானிக்கல் பம்ப் வைத்த இன்ஜின்தான். கம்மின்ஸ் 5.9 லிட்டர் இன்ஜினின் 12 வால்வு ரகம். கம்ப்யூட்டர் இல்லை, டீசலும் காற்றும் இருந்தால் ஓடும். அதில் ஒரே ஒரு பூச்சாண்டி உண்டு: டைமிங் கியர் கூட்டில் இருக்கும் ஒரு சின்ன எஃகுப் பின் அதிர்வில் மெல்ல வெளியே வந்து கியருக்குள் விழும். முன்கவரைத் திறந்து ஒரு தகட்டை வைத்து அதை அடைத்துவிட்டால் தீர்ந்தது. 1998க்குப் பின் வந்த 24 வால்வில் 53 என்று வார்ப்பு எண் உள்ள பிளாக்குகள் சில விரிசல் விட்டன. வாங்கும் முன் அந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

இன்டர்நேஷனல் டிடி466இல் ஈர லைனர், அதாவது வெளிப்பக்கம் கூலண்ட் தொடும் தனி சிலிண்டர் உறை. தேய்ந்தால் இன்ஜினை வண்டியிலிருந்து இறக்காமலே லைனரை உருவி மாற்றலாம். டெட்ராய்ட் சீரிஸ் 60 கோச்சுகளில் நிறைய வந்தது, 1987இலேயே எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டோடு வந்த நாலு ஸ்ட்ரோக், நல்ல உழைப்பாளி. அதற்கு முந்தைய டெட்ராய்ட் டூ ஸ்ட்ரோக் 6வி92, 8வி71 எல்லாம் சத்தத்துக்காகவே காதலிக்கப்படுபவை. ஆனால் அவற்றுக்கு ஒற்றைத் தர 40 எண்ணெய் வேண்டும், சூடாவதைச் சகிக்காது, அதைத் தெரிந்த மெக்கானிக்குகளும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

கிரீஸ்கை

தாத்தா சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், புதிய வண்டி வாங்குபவர்களுக்கு. அமெரிக்காவில் 2007 முதல் டீசல் துகள் வடிகட்டியும் 2010 முதல் புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசலும் வந்துவிட்டன. இந்தியாவில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி 2020 ஏப்ரல் முதல். இந்த வடிகட்டி நன்றாகச் சூடேறினால்தான் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். நெடுஞ்சாலையில் ஓடும் லாரிக்கு அது சரி. மோட்டார்ஹோம்காரர் என்ன செய்வார்? ஏசிக்காக இன்ஜினை ஐட்லிங்கில் விடுவார், பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துவார். வடிகட்டி அடைத்துக்கொள்ளும். யூரியாக் கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறையும் என்பதும் குளிர்ப் பிரதேசம் போகிறவர்களுக்கு.

பார்க்கப் போகும்போது விற்பவரிடம், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பிளாக்கில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார், இன்னொரு நாள் காலையில் வாருங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, ஐட்லிங்கில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன் (பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசிந்து வரும் புகை) பாருங்கள். லேசாகப் புகைந்தால் பரவாயில்லை. ரயில் இன்ஜின் மாதிரி தள்ளினால் ரிங் போய்விட்டது. நீலப் புகை எண்ணெய் எரிவது. வெள்ளைப் புகை முதல் நிமிடத்தில் வந்து போனால் குளிர், போகாமல் நின்றால் கூலண்ட் அல்லது எரியாத டீசல். பயணத்துக்குப் பிறகு ரேடியேட்டர் மூடியை ஆறிய பிறகே திறங்கள், உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பார்க்க.

ஆம்பியர்

வயரிங் பற்றி யாரும் பேசவில்லை. பெரிய கோச்சுகள் பெரும்பாலும் 24 வோல்ட். நடுவில் இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் உருவி ரேடியோ போட்டிருப்பார்கள், அதனால் ஒரு பேட்டரி சீக்கிரம் சாகும். வீட்டுப் பக்கத்துக்குத் தனி பேட்டரி, தனி வயரிங் வையுங்கள். பஸ் வயரிங்கில் ஒட்டாதீர்கள்.

புதிய வண்டிகளில் மல்டிபிளெக்ஸ். ஒரு சுவிட்சை அழுத்தினால் அது மாட்யூலுக்குச் செய்தி அனுப்பும், மாட்யூல்தான் விளக்கைப் போடும். தேவையில்லை என்று ஒரு கட்டு வயரை வெட்டினால் வண்டி நகராது. கதவு இன்டர்லாக், சக்கர நாற்காலி லிஃப்ட் இன்டர்லாக் இவை எல்லாம் பிரேக்கோடு சேர்ந்தவை. கதவு மூடவில்லை என்று வண்டி நினைத்துக்கொண்டிருந்தால் பிரேக்கை விடாது. கதவை இடம் மாற்றும் எண்ணம் இருந்தால், வரைபடம் கையில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வண்டியைப் பேசுங்கள்.

நிலா_பயணம்

எடையைப் பற்றி இரண்டு வரி. 50 சீட் பஸ் 50 பேரையும் அவர்கள் பெட்டிகளையும் சுமக்கக் கட்டப்பட்டது, ஆகவே மொத்த எடை பிரச்சினை வருவது அரிது. பிரச்சினை எங்கே வைக்கிறோம் என்பதில். 400 லிட்டர் தண்ணீர் 400 கிலோ. அதைப் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் தொங்க விட்டால் முன் ஆக்ஸில் லேசாகிவிடும், ஸ்டியரிங் மிதக்கும். இரண்டு ஆக்ஸில்களுக்கு நடுவில், முடிந்தவரை தாழ்வாக வைப்பதே முறை. கோச்சின் டிக்கியை நான் இவ்வளவு விரும்புவதற்குக் காரணம் இதுதான். சமையல், ஃபிரிட்ஜ், அலமாரி எல்லாம் ஒரே பக்கம் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டி முடித்ததும் ஒவ்வொரு ஆக்ஸிலையும் தனித்தனியாக எடை போட்டு, ஆக்ஸில் தகட்டோடு ஒப்பிடுங்கள்.

வழிப்போக்கன்

நேற்று கோச்சுக்கு அடியில் படுத்தேன். கிரீஸ்கை அண்ணே சொன்ன டார்க் ராடு பிராக்கெட், வலதுபக்கப் பின்னால், புத்தம் புதுக் கறுப்பு. சுத்தியால் தட்டியதும் கறுப்பு தோல் மாதிரி உரிந்தது, உள்ளே பழுப்புச் செதில் அடுக்கடுக்காக. ஸ்க்ரூ டிரைவர் பாதி இறங்கியது. விற்பவர், எல்லாப் பழைய வண்டியும் இப்படித்தான் என்றார். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் அங்கேயே இன்னொன்று நிற்கிறது. அதே கம்பெனி, 10.5 மீட்டர், தட்டைத் தரை, மெக்கானிக்கல் பம்ப், ஆறு கியர் மேனுவல். தரையிலிருந்து கூரை 1.93. அடியில் சேறுதான், அண்டர்கோட் இல்லை. தட்டிய இடமெல்லாம் கணீரென்றது. ஆக்ஸில் தகட்டில் 4.3.

கிரீஸ்கை

இதுவரைக்கும் நன்றாக இருக்கிறது. இன்னும் இரண்டு வேலை பாக்கி.

ஏர் பிரேக். காற்றை முழுதாக ஏற்றுங்கள், 8 பார் அல்லது 120 பிஎஸ்ஐ பக்கம் வரும். 85இலிருந்து 100 பிஎஸ்ஐ ஏற 45 விநாடிக்கு மேல் எடுத்தால் கம்ப்ரஸர் தளர்ந்திருக்கிறது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து முள்ளைப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு பார்த்தால் 3. அப்புறம் பெடலை மிதித்து மிதித்துக் காற்றைத் தீர்த்தால் 60 பிஎஸ்ஐக்குக் கீழே போவதற்குள் எச்சரிக்கை அலற வேண்டும். டேங்கின் வடிகால் குமிழைத் திறங்கள். கொஞ்சம் தண்ணீர் வந்தால் சரி. எண்ணெய்க் கூழ் வந்தால் கம்ப்ரஸர் ரிங் தேய்ந்திருக்கிறது, அந்த எண்ணெய் வால்வு ரப்பர் எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டிருக்கும்.

டயர். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016இன் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர் தடிப்பு) எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பத்து வயதுக்கு மேல் போன டயரை, முக்கியமாக முன் டயரை, நான் நம்ப மாட்டேன். ஆறு டயர் புதிதாக வாங்குவது சின்னச் செலவில்லை, அதைப் பேரத்தில் சேர்த்துப் பேசுங்கள்.

சேஸிஸ்மணி

நான் இன்னமும் ஏணிச் சேஸிஸ்தான் சொல்வேன். பரவாயில்லை, தட்டைத் தரை, நல்ல அடிச்சட்டம் என்றால் கோச்சும் கெட்டதில்லை. ஜன்னலை அடைப்பதாக இருந்தால் கண்ணாடிக்குப் பதில் தகடு ஒட்டுங்கள். ஜன்னல் தூண்களை மட்டும் தொடவேண்டாம்.

டீசல்தாத்தா

அந்த வண்டியை ஓட்டிய கம்பெனியில் அதே மாடல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அவர்கள் ஒர்க்ஷாப்பில் பேச்சுக் கொடுங்கள். எந்த வண்டி அடிக்கடி கொட்டகைக்கு வந்தது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். சர்வீஸ் பதிவேட்டைக் காட்டச் சொன்னால் பெரும்பாலும் காட்டுவார்கள். கண்ணாடி, லைட், பெல்லோ மாதிரி உதிரிகளும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஆம்பியர்

பணம் கொடுக்கும் முன், பயணிகள் வண்டியாக இருப்பதை வீட்டு வண்டியாகப் பதிவு மாற்ற உங்கள் ஊர் விதிப்படி என்ன கேட்கிறார்கள், உங்கள் லைசென்ஸ் அந்த எடைக்குப் போதுமா, இன்சூரன்ஸ் கொடுப்பார்களா, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வண்டி வாசலில் நின்ற பிறகு கேட்பது தலைவலி.

வழிப்போக்கன்

பிரேக் தேறியது. முன் டயர் இரண்டும் மாற்ற வேண்டும், விலையில் குறைத்துக்கொண்டார். ஒர்க்ஷாப்பில் விசாரித்ததில் ரேடியேட்டர் மட்டும் பழசு என்றார்கள். பதிவு மாற்றத்துக்கு என்னென்ன வேண்டும் என்ற பட்டியலும் எழுத்தில் வந்துவிட்டது. முன்பணம் கொடுத்தாகிவிட்டது.

அடுத்த கேள்வி: சீட் போல்ட்டுகள் எல்லாம் துருப்பிடித்து இறுகிப்போய் இருக்கின்றன. ஒருவர் கீழே போய்ப் பிடித்துக்கொள்ளவும் வழியில்லை. கிரைண்டரால் தலையை வெட்டிவிடலாமா?

சேஸிஸ்மணி

வெட்டலாம், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் வெட்டுவதற்கு முன் அடியில் போய் டீசல் டேங்க், பிரேக் ஏர் லைன், வயர் கட்டு எங்கே போகிறது என்று பார்த்து, அதற்கு நேர் மேலே தரையில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடுகளுக்குள் கிரைண்டர் வேண்டாம், உளி வைத்துத் தட்டியே எடுங்கள். ஜன்னல் கண்ணாடிக்குப் பழைய கம்பளி போட்டு மூடுங்கள். பொறி பட்டால் கண்ணாடியில் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எதற்கும் போகாது. பேட்டரி டெர்மினலையும் கழற்றிவிடுங்கள்.